லிஸ்பனில் கழற்றி வைத்த செருப்பு

பாரிஸில், தம்பி வீட்டுக் குசினியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கும் அவனுக்கும் சண்டை வந்தது. அவனுடைய மகளின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கல்யாணம் முடிந்து இரண்டு கிழமை இருக்கும். வந்த சனமெல்லாம் கலைந்து போய்விட்டது. நானும் மன்னாருக்கு, பள்ளிமுனைக்குத் திரும்பும் நாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி அலுமாரியில் சாய்ந்து நின்றபடி, கடையில் பால் முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னான்.

"அக்கா, நீங்கள் இனி ஊருக்குப் போகத் தேவையில்லை. விசா அலுவலை நான் பாக்கிறன். இஞ்சயே இருங்கோ."

"ஆர் உன்னட்டக் கேட்டது?"

"கேக்க வேணுமோ? அங்க தனிய இருந்து என்ன செய்யப் போறீங்கள்?"

தனிய என்ற அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கலியாணம் கட்டவில்லை. கட்டவில்லை என்றுதான் சொல்வேன், கட்டக் கிடைக்கவில்லை என்று ஊர் சொல்லும். பள்ளிமுனையில் இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் உள்ள வீடு எனக்கு இருக்கிறது. விடிய எழும்பினால் வலையில் நண்டு கழற்றுகிறவர்களின் சத்தம் கேட்கும். கோயில் மணி கேட்கும். பக்கத்து வீட்டுக் கோழிகள் என் குசினி வரைக்கும் வந்து அதிகாரம் பண்ணும். கச்சான் காற்றுக் காலத்தில் வீட்டுக்குள் மண் வந்து குவியும், நான் கூட்டித் தள்ளுவேன். இதைத்தான் என் தம்பி 'தனிய' என்றான்.

"நான் என்ர வீட்டுக்குப் போவன்" என்றேன்.

அவனுக்கும் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் அது எல்லோருக்கும் குறைவில்லாமல் உண்டு. "அய்யா செத்ததையும் ஆரோ தெரியாத ஆள்தான் எனக்கு ரெலிபோனில சொன்னது. அம்மா செத்ததையும் அப்பிடித்தான். உங்களுக்கும் ஒருத்தன் எடுத்துச் சொல்லுமட்டும் நான் இஞ்ச பாத்துக்கொண்டிருக்கட்டோ?"

அவன் சொன்னது உண்மை. நாட்டில் சண்டை நடந்த காலத்தில் எங்கள் வீட்டில் ரெலிபோன் இல்லை. ஊரை விட்டு வெளிக்கிட்ட பிறகு அவனால் திரும்பி வரவும் முடியவில்லை. செத்த வீட்டில் நான் அலுவலாக நிற்க, யாராவது ஓடிப்போய்க் கடையிலிருந்து அவனுக்கு அறிவிப்பார்கள். ஆனால் உண்மையைச் சொன்னான் என்பதற்காக நான் என் வீட்டை விட்டுக்கொடுக்க முடியாது. நண்டுக் காலை ஒரு போடு போட்டு உடைத்தேன்.

"எனக்குத் தனிய எல்லாம் செய்ய ஏலும்."

"ஏலுமோ? இந்த ஊரில பஸ் ஏறவே பிள்ளையைக் கூப்பிடுறீங்கள். எங்க, ஒரு தெரியாத ஊருக்குத் தனியப் போட்டு வாங்கோ பாப்பம். இடையில ஒருக்கா எனக்கு ரெலிபோன் எடுத்து 'தம்பி, என்ன செய்யிறது' எண்டு கேட்டாலும் சரி, பிறகு ஊர்க் கதை கதைக்கக்கூடாது. இஞ்சதான் இருக்க வேணும்."

"எடுக்காமல் போட்டு வந்தால்?"

"நானே கொண்டுபோய் பிளேன் ஏத்தி விடுறன். அதுக்குப் பிறகு வாயே திறக்கமாட்டன்."

"சரி" என்றேன். "லிஸ்பனுக்குப் போறன்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே அன்றைக்கு இரவே அவனுடைய மகளை, என் மருமகளைக் கொண்டு ரிக்கற் போடச் செய்தேன்.

ஏன் லிஸ்பன் என்று எல்லோரும் கேட்டார்கள். எங்கள் பக்கத்துச் சனம் பிரான்சுக்குப் போனால் லூர்து மாதாவிடம் போகும், அது வழமை. எனக்கு அந்தோனியார்தான் நெருக்கம். செவ்வாய்க்கிழமை தவறாமல் அவரிடம் போகிறவள் நான். பதுவை அந்தோனியார் என்று நாங்கள் சொன்னாலும் அவர் பிறந்தது லிஸ்பனில் என்று ஒரு சுவாமி பிரசங்கத்தில் சொன்னது என் மனதில் கிடந்தது. இன்னொரு காரணமும் உண்டு. மன்னார்க் கோட்டையைக் கட்டினவர்களின் ஊர் அது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பாலத்தடியில் அந்தக் கோட்டையைப் பார்த்துக்கொண்டு போய் வந்தவள் நான். அவர்கள் ஒருவரையும் கேட்காமல் எங்கள் ஊருக்கு வந்தார்கள். நான் முறைப்படி விசா எடுத்துக்கொண்டுதான் அவர்களிடம் போனேன்.

லிஸ்பனில் இறங்கியதும் எனக்கு முதல் பகை அந்த ஊரின் மேடுகள். மன்னாரில் மேடு என்றால் பாலம் ஒன்றுதான். அதில் சைக்கிள் மிதிக்கவே நாங்கள் மூச்சு வாங்குவோம். இங்கே தெருவே படியாக ஏறுகிறது, ஏறி முடிந்தால் இறங்குகிறது, இறங்கினால் மறுபடி ஏறுகிறது. கீழே போட்டிருப்பது சின்னச் சின்னச் சதுரக் கல். எத்தனையோ காலமாகச் சனம் நடந்து நடந்து கல் வழவழவென்று ஆகிவிட்டது. எங்கள் ஊரில் தெருவை மறித்துக்கொண்டு நிற்கும் கழுதைகளை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதில் ஒன்றாவது கூட இருந்திருந்தால் பையையாவது ஏற்றி விட்டிருப்பேன்.

மருமகள் பதிந்து தந்த அறையைக் கண்டுபிடிக்கப் பின்னேரமாகிவிட்டது. ரெலிபோனில் வரைபடம் இருந்தது. அது என்னை ஒரே மதிலைச் சுற்றித் திரும்பத் திரும்ப நடத்தியது. வழியில் நின்ற ஒரு பொலிஸ்காரர், ஒரு பழக்கடைக்காரர், நாயோடு வந்த ஒரு பெண் என்று எல்லோரையும் தபால் கந்தோர் ஆங்கிலத்தில் மறித்துக் கேட்டேன். ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். தம்பியின் இலக்கம் திரையில் முதலாவதாக நின்றது. அதைப் பார்க்காமல் ரெலிபோனைப் பைக்குள் திணித்தேன். அறைக்கு வந்து கட்டிலில் விழுந்தபோது கால் இரண்டும் விண்விண்ணென்று வலித்தன. ஆனால் முகட்டைப் பார்த்து நானே சிரித்தேன். ஒருவரும் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடவில்லையே.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. வேண்டுமென்றே அந்த நாள் வரும்படிதான் ரிக்கற் போட்டிருந்தேன். தலைமுழுகி, சீலை உடுத்திக்கொண்டு கோயிலைத் தேடிப் போனேன். ஆனி மாதம், அவருடைய திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவுக்குத் தெரு நிறக் கடதாசித் தோரணம் கட்டியிருந்தார்கள். எங்கள் திருநாளுக்குப் பெடியள் ஏணி வைத்துக் கட்டுவது போலவே ஒரு பக்கம் தாழ்ந்தும் ஒரு பக்கம் உயர்ந்தும் தொங்கியது. அதைக் கண்டதும் எனக்கு ஊரில் நிற்கிற துணிவு வந்துவிட்டது.

கோயில் வாசலில் என் செருப்பைக் கழற்றி, ஒரு பக்கமாக ஒழுங்காக வைத்தேன். கலியாணத்துக்கென்று மன்னார் பசாரில் வாங்கிய தோல் செருப்பு. வேறு ஒரு செருப்பையும் அங்கே காணவில்லை. பூசைக்கு நேரம் இருக்கிறது போல, நான்தான் முதல் ஆள் என்று நினைத்தேன். உள்ளே போனால் பலகை வாங்குகளில் ஏழெட்டுப் பேர் முழந்தாளில் நிற்கிறார்கள். எல்லோர் காலிலும் சப்பாத்து. எனக்கு உடம்பு கூசியது. எங்கள் கோயில்களில் சப்பாத்தோடு ஏறினால் கோயில் அலுவல் பார்க்கிற சங்கிலித்தாம் ஒரு பார்வை பார்ப்பார், அதோடு ஆள் இறங்கிவிடும். அந்தோனியார் பிறந்த ஊரிலேயே அவருக்கு இந்த மரியாதைதானா என்று முணுமுணுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். தரை குளிர்ந்து கிடந்தது.

பக்கத்துப் படியால் இறங்கினால் சின்ன நிலவறை. அவர் பிறந்த வீடு அந்த இடத்தில்தான் இருந்ததாம். அங்கே முழந்தாளிட்டதும் எனக்கு அழுகை வந்தது. ஏன் வந்தது என்று தெரியாது. வரட்டும் என்று விட்டேன். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தோனியாரே, நீர் இந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டுப்போய் வேறு ஊரில செத்தனீர். உமக்குத் தெரியும். என்னை என்ர வீட்டிலயே இருக்க விடும்."

மேலே வந்து வாசலைப் பார்த்தேன். செருப்பைக் காணவில்லை.

முதலில் நம்பவில்லை. வேறு வாசலோ என்று பார்த்தேன். வாசல் அதுதான். மூலை முடுக்கெல்லாம் தேடினேன். செவ்வாய்க்கிழமை, கோயில் வாசலில், அந்தோனியாரின் கண்ணுக்கு முன்னால் களவு! காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்று உலகமெல்லாம் பெயர் எடுத்தவர், என் செருப்பையல்லவா காணாமல் போக்கிவிட்டார். வாய்க்கு வந்தபடி தமிழில் பேசினேன். யாருக்கும் விளங்காது என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே பேசினேன்.

அப்போதுதான் படியின் கீழே இருந்த பெண்ணைக் கண்டேன். என் வயதிருக்கும். மடியில் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு போகிறவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். காலை நீட்டியிருந்தாள். காலில் என் செருப்பு. பக்கத்தில் அவளுடைய பழைய துணிச் சப்பாத்து, முன்பக்கம் வாய் பிளந்தபடி கிடந்தது.

நேரே போய் அவளுக்கு முன்னால் நின்றேன். செருப்பைச் சுட்டிக் காட்டினேன். அவள் பயப்படவில்லை. முகமெல்லாம் மலர்ந்து, காலைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள். பிறகு கோயில் வாசலில் நான் வைத்த அந்த இடத்தைக் காட்டி, உள்ளே இருப்பவரைக் காட்டி, நெஞ்சில் சிலுவை போட்டாள். அங்கே ஒருவரும் செருப்பைக் கழற்றுவதில்லை. ஆகவே வாசலில் ஒரு சோடி செருப்பு ஒழுங்காக வைத்திருந்தால், அது ஏழைக்கென்று வைத்ததுதான். அவருடைய பெயரால் ஏழைகளுக்குப் பாண் சுட்டுக் கொடுக்கிற சனம் அங்கேயும் உண்டு. செருப்பும் கொடுத்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

வாய் வரை வந்ததை விழுங்கினேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை, எனக்கு எரிச்சல்தான். ஆனால் அந்தோனியார் கொடுத்தது என்று ஒருத்தி சிலுவை போட்டுவிட்டாள். அவரோடு நான் வழக்குக்கா போக முடியும்? "சரி, போட்டுக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

திரும்பியதும் வெயில் பட்ட கல் காலைச் சுட்டது. கடற்கரை மணலில் வெறுங்காலோடு திரிந்து வளர்ந்த கால்தான். ஆனால் மணல் விட்டுக்கொடுக்கும், கல் விடாது. செருப்புக் கடை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வாசலில் நின்று ரெலிபோனைக் கையில் எடுத்தேன். தம்பியின் இலக்கம் முதலாவதாக நின்றது. எடுத்தால் ஒரு நிமிடத்தில் கடை எங்கே என்று சொல்லியிருப்பான். அந்த ஒரு நிமிடத்துக்கு விலை என் வீடு. ரெலிபோனை மறுபடி பைக்குள் போட்டுவிட்டு, நிழல் விழுந்த ஓரமாகப் பார்த்துப் பார்த்து இறங்கத் தொடங்கினேன்.

பழைய வீடுகள் நெருக்கியடித்து நிற்கிற ஒரு ஒழுங்கைக்குள் போனபோது மீன் சுடுகிற மணம் வந்தது. எங்கள் சூடை மீன் போல ஒன்று. வாசலில் கரியடுப்பை வைத்து ஒரு பருத்த பெண் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். என் சீலையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டாள். அவள் போட்ட சத்தத்தில் இரண்டு மாடி யன்னல்கள் திறந்தன. என்னை இழுத்து ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினாள். ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து காலுக்குக் கீழே வைத்தாள். கால் வைத்ததும் உயிர் வந்தது. கதிரை என்று நான் தட்டிக் காட்டியதும் அவளும் கிட்டத்தட்ட அதையே சொன்னாள். சப்பாத்து என்றேன், அதுவும் விளங்கியது. இத்தனை நூற்றாண்டுக்கு முன் அவளுடைய ஆட்கள் சொல்லாக எங்களிடம் விட்டுவிட்டுப் போன கதிரையில் நான் அங்கே போய் இருந்தேன் என்று நினைக்கச் சிரிப்பு வந்தது.

ஆனால் அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து அவளுக்கு இரக்கம் பொங்கியது. ஆள் தொலைந்து போய்விட்டது, குடும்பத்தைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள். குடும்பம், ரெலிபோன் என்று இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். நான் தலையாட்டி மறுத்தேன். "பிரதர், பாரிஸ், நோ ரெலிபோன்" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன். பாரிஸ் என்றதும் அவள் தன் நெஞ்சைத் தொட்டு, நிலம் துடைப்பது போலச் செய்து காட்டினாள். அங்கே வேலை செய்தவளாம். அந்த நேரம் பார்த்து என் மடியில் கிடந்த பைக்குள் ரெலிபோன் அடித்தது. நான் கையை வைக்க முதல் அவள் எடுத்துக் காதில் வைத்துவிட்டாள்.

எழும்பப் பார்த்தேன். கால் பேசினுக்குள். அவள் பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கினாள். முதலில் மெதுவாக, பிறகு என்ன கேட்டாளோ, நின்றுவிட்டாள். ரெலிபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு கையை வீசி வீசி ஒரு பிரசங்கமே வைத்தாள். நான் கேட்ட ஒரு பிரசங்கத்திலும் அவ்வளவு உறுதியைக் கண்டதில்லை. முடித்துவிட்டு ரெலிபோனை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா?" தம்பியின் குரல் மூக்கடைத்துத் தடிமன் பிடித்தது போல இருந்தது.

"ஓம், சொல்லு."

"செருப்பைத் துலைச்சிட்டு நிக்கிறீங்களாம்."

"ஓம்."

"தோத்திட்டீங்கள்."

"நான் எடுக்கேல்லை. நீதான் எடுத்தனீ. கதைச்ச கதையை மாத்தாத."

அந்தப் பக்கத்தில் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. நான் விடவில்லை. "இஞ்ச மீன் சுடுறாங்கள். சாப்பிட்டிட்டுப் போய்ச் செருப்பு வாங்குவன். நாளைக்கு வாறன். நீ ஒண்டும் பண்ண வேண்டாம்."

"சரி" என்றான். "சாப்பிடுங்கோ."

சாப்பிட்டேன். பாணுக்கு மேல் மீனை வைத்துத் தந்தாள், முள்ளோடு. தூள் இல்லை, புளி இல்லை. வெறும் உப்புக்கல்தான், ஆனால் நல்லாயிருந்தது. காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டாள். செருப்புக் கடை எங்கே என்று கேட்டதற்கு உள்ளே போய்த் தன்னுடைய நீல றப்பர்ச் செருப்பைக் கொண்டுவந்து போட்டாள். எனக்குப் பெரிது. நடக்க நடக்க டப் டப் என்று அடித்தது. அதோடு அந்த நாள் முழுவதும் லிஸ்பனை ஏறி இறங்கிப் பார்த்தேன். வேறு செருப்பு வாங்கவில்லை.

பாரிஸ் விமான நிலையத்தில் தம்பி நின்றான். முதலில் என் காலைத்தான் பார்த்தான். பிறகு பையை வாங்கினான். காரில் ஏறிய பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "உங்கட ரிக்கற்றை நான் மாத்தேல்லை. சனிக்கிழமை போறீங்கள்" என்றான். எனக்குக் கத்திச் சிரிக்க வேண்டும் போல இருந்தது, அடக்கிக்கொண்டேன். "அந்த மனிசி உன்னட்ட என்ன சொன்னவ?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை, பேசினவ" என்றான். சனிக்கிழமை சொன்னபடியே கொண்டுபோய் ஏற்றிவிட்டான். வாயே திறக்கவில்லை.

அந்த மார்கழியில், எங்கள் பள்ளிமுனைக் கோயில் திருநாளுக்கு அவன் ஊருக்கு வந்தான். அம்மா அய்யாவின் கல்லறைகளுக்குப் போனோம். அவற்றுக்குப் பக்கத்தில் நிறைய நேரம் நின்றான். திருநாள் அன்று கோயில் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. மழை பெய்து மணல் ஈரமாக இருந்தது. நான் என் நீலச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினேன். தம்பி கயிறு கட்டிய சப்பாத்தோடு கீழேயே நின்றான். இத்தனை வருசத்தில் பழக்கம் விட்டுப்போய்விட்டது.

"ஆரும் எடுத்தால்?" என்றான்.

"எடுத்தால் நடப்பாய். நான் நடக்கேல்லையோ?"

குனிந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். நிமிராமலே சொன்னான். "அண்டைக்கு அந்த மனிசி என்ன சொன்னவ தெரியுமோ அக்கா? 'உன்ர அக்கா என்ர வாசலில இருக்கிறா. காலில ஒண்டும் இல்லை, ஆனா அவ அழேல்லை. பெரிய ஆம்பிளை, நீ ஏன் அழுறாய்' எண்டு கேட்டவ."

நான் அவனைப் பார்த்தேன்.

"உங்கட ரெலிபோனில தெரியாத ஆளின்ர குரல் கேட்டது" என்றான். "எனக்கு அந்தக் குரல் தெரியும் அக்கா. அய்யாவுக்கும் அதுதான், அம்மாவுக்கும் அதுதான். முடிஞ்சுது எண்டு நினைச்சிட்டன்."

பூசைக்கு மணி அடித்தது. அவன் சப்பாத்தைக் கழற்றி, என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தான். வழுக்கை விழுந்த அந்தத் தலையைப் பிடித்து என் தோளில் சாய்க்க வேண்டும் போல இருந்தது. சனத்துக்கு முன்னால் செய்யவில்லை.

அவன் திரும்பிப் போய்விட்டான். நான் பள்ளிமுனையில் என் வீட்டில்தான் இருக்கிறேன், இருக்கவும் போகிறேன். அந்தி மணி அடித்ததும் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு ரெலிபோனை எடுப்பேன். ஒவ்வொரு நாளும் நான்தான் எடுக்கிறேன். அந்தப் பக்கம் தூக்கியதும், அவன் அலோ சொல்ல முதலே சொல்லிவிடுவேன், "அக்காதான் கதைக்கிறன்."